ஐக்கிய அமெரிக்காவில் சிறு நிறுவனங்களின் கூட்டாட்சி அரசு வழங்கல் ஒப்பந்தங்கள்

ஐக்கிய அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் துறைகளும் முகமைகளும் தங்களுக்குத் தேவையான பொருட்களைத் தனியார் நிறுவனங்களிடமிருந்து வாங்குவதற்குச் செய்துகொள்ளும் உடன்படிக்கைகள் கூட்டாட்சி அரசு வழங்கல் ஒப்பந்தங்கள் எனப்படுகின்றன. போர்க்கப்பலுக்கான வால்வு, படைவீரர் மருத்துவமனைக்கான கையுறை, அலுவலக நாற்காலி, வனத்துறையின் தீயணைப்புக் குழாய் என இப்பொருட்களின் பட்டியல் நீண்டது. பொருட்கள், சேவைகள், கட்டுமானம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து இவ்வரசு ஆண்டுக்கு 70,000 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தங்கள் வழியாகச் செலவிடுகிறது. இதனால் உலகின் மிகப்பெரிய வாங்குநராக இது கருதப்படுகிறது. இத்தொகையில் ஒரு பகுதி சிறு நிறுவனங்களுக்குச் செல்ல வேண்டும் என்பது சட்டத்தில் எழுதப்பட்ட கொள்கையாகும். ஒப்பந்தத்தை வெல்வது எவ்வளவு கடினமோ அதே அளவுக்கு அதை நட்டமின்றி நிறைவேற்றுவதும் கடினம். இக்கட்டுரை இவ்விரண்டு கட்டங்களையும் விளக்குகிறது.

சட்டப் பின்னணி

இரண்டாம் உலகப் போரின்போது போர்த்தளவாட ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களுக்கே சென்றன. சிறிய பட்டறைகளையும் இந்த உற்பத்தியில் சேர்க்க 1942 இல் சிறு போர்த்தொழிற்சாலைக் கழகம் அமைக்கப்பட்டது. போருக்குப் பிறகு, 1953 சூலை 30 அன்று குடியரசுத் தலைவர் ஐசனாவர் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் சிறு வணிக நிர்வாகம் என்ற முகமை தோன்றியது. அரசுக் கொள்முதலில் சிறு நிறுவனங்களுக்கு நியாயமான பங்கு கிடைக்கச் செய்வது அதன் பணிகளுள் ஒன்று.

அரசின் முதன்மை ஒப்பந்தத் தொகையில் குறைந்தது 23 விழுக்காடு சிறு நிறுவனங்களுக்குச் செல்ல வேண்டும் என்ற இலக்கு 1997 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வகுக்கப்பட்டது. இது அரசு முழுமைக்குமான இலக்கு. எந்தத் தனி நிறுவனத்துக்கும் இதனால் ஒப்பந்தம் பெறும் உரிமை உண்டாவதில்லை.

கொள்முதல் நடைமுறைகளைக் கூட்டாட்சிக் கொள்முதல் ஒழுங்குவிதிகள் ஆள்கின்றன. இவை 1984 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பாதுகாப்புத் துறை போன்ற பெரிய துறைகள் இவற்றுடன் தத்தம் கூடுதல் விதிகளையும் வைத்துள்ளன. 2025 ஏப்ரலில் வெளியான ஓர் ஆணையின்படி இவ்விதிகளைச் சுருக்கி மாற்றியமைக்கும் பணி தொடங்கியது.

யார் சிறு நிறுவனம்

சிறு நிறுவனம் என்பதற்கு எல்லாத் தொழிலுக்கும் பொதுவான ஓர் அளவு கிடையாது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஆறு இலக்கத் தொழில் வகைப்பாட்டு எண் ஒன்று உள்ளது. அந்த எண்ணுக்கு உரிய உச்சவரம்பைச் சிறு வணிக நிர்வாகம் அறிவிக்கிறது. உற்பத்தித் தொழில்களில் இவ்வரம்பு ஊழியர் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. அது தொழிலைப் பொறுத்து 500 முதல் 1,500 வரை இருக்கும். சேவைத் தொழில்களில் பெரும்பாலும் ஆண்டு வருவாயின் சராசரி கணக்கில் கொள்ளப்படுகிறது. உரிமையாளர் ஒருவரே வேறு நிறுவனங்களையும் கட்டுப்படுத்தினால் அவற்றின் அளவும் சேர்த்தே எண்ணப்படும்.

சிறு நிறுவனங்களுக்குள்ளும் சில பிரிவுகளுக்குத் தனி இலக்குகள் உள்ளன. பெண்களுக்குச் சொந்தமானவை, பணியின்போது உடல் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்குச் சொந்தமானவை, சமூக, பொருளாதார வகையில் பின்தங்கியோருக்குச் சொந்தமானவை ஆகிய ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் 5 விழுக்காடும், வணிக வாய்ப்புக் குறைந்த பகுதிகளில் இயங்குபவற்றுக்கு 3 விழுக்காடும் இலக்காகக் குறிக்கப்பட்டுள்ளன.

பின்தங்கியோருக்கான திட்டம் அதன் சட்டப் பிரிவின் பெயரால் எட்டு-ஏ திட்டம் எனப்படுகிறது. இதில் ஒரு நிறுவனம் 9 ஆண்டுகள் வரை இருக்கலாம். இந்தியா, இலங்கை உள்ளிட்ட துணைக்கண்ட நாடுகளிலிருந்து வந்தோரின் வழியினர் இத்திட்டத்தில் பின்தங்கியோர் என முன்கூட்டியே கொள்ளப்பட்டு வந்தனர். அவ்வகையில் அமெரிக்கத் தமிழ்த் தொழில்முனைவோரும் அதில் அடங்கினர். டென்னசியில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 2023 சூலையில் அளித்த தீர்ப்பு இந்த முன்கொள்கையைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. அதன் பின் விண்ணப்பதாரர் ஒவ்வொருவரும் தாம் எவ்வாறு பின்தங்க நேர்ந்தது என்பதைத் தனித்தனியே நிறுவ வேண்டியதாயிற்று.

பதிவு

அரசுக்குப் பொருள் விற்க விரும்பும் நிறுவனம் விருது மேலாண்மை அமைப்பு என்னும் மையத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். இத்தளம் அதன் பெயர்ச்சுருக்கத்தால் சாம் என வழங்குகிறது. பதிவின்போது 12 எழுத்துகளும் எண்களும் கொண்ட தனித்த அடையாளக் குறி வழங்கப்படும். 2022 ஏப்ரல் 4 வரை தனியார் நிறுவனம் ஒன்று வழங்கிய 9 இலக்க எண் இதற்குப் பயன்பட்டது. இவற்றுடன் பாதுகாப்புத் தளவாட முகமை வழங்கும் 5 குறிகள் கொண்ட கேஜ் குறியீடும் கிடைக்கும்.

பதிவு முற்றிலும் இலவசம். ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். பதிவு செய்தவுடன் பல தனியார் முகவர்கள் அரசு அலுவலகம் போலத் தோன்றும் கடிதங்களை அனுப்பிக் கட்டணம் கேட்பதுண்டு. அக்கட்டணத்துக்குச் சட்ட அடிப்படை எதுவும் இல்லை. பதிவு காலாவதியான நிலையில் விலைப்புள்ளி அளிக்கும் நிறுவனம், விலை குறைவாக இருந்தாலும் ஒப்பந்தத்தை இழக்கக்கூடும்.

கொள்முதல் வகைகள்

வாங்கும் தொகையைப் பொறுத்து நடைமுறை மாறுகிறது. 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள பொதுவான வரம்புகளின்படி அவை பின்வருமாறு:

1. 15,000 டாலர் வரையிலான நுண்கொள்முதல். போட்டி விலை கேட்காமலே அலுவலர் அரசுக் கடனட்டை மூலம் வாங்கலாம்.
2. அதற்கு மேல் 350,000 டாலர் வரையிலான எளிய கொள்முதல். இது இயல்பாகவே சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கப்படுகிறது.
3. 350,000 டாலருக்கு மேற்பட்ட முறையான கொள்முதல். இதில் முத்திரையிட்ட ஒப்பந்தப்புள்ளி அல்லது பேச்சுவார்த்தை முறை பின்பற்றப்படும்.

ஒதுக்கீட்டின் அடிப்படை இருவர் விதி எனப்படுகிறது. நியாயமான விலையில் பொருள் தரக்கூடிய சிறு நிறுவனங்கள் குறைந்தது இரண்டாவது போட்டியிடும் என்று ஒப்பந்த அலுவலர் எதிர்பார்த்தால், அக்கொள்முதலைச் சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே ஒதுக்க வேண்டும் என்பது இவ்விதி. படைவீரர் விவகாரத் துறையின் கொள்முதலில் முன்னாள் படைவீரர் நிறுவனங்களுக்கு இதே போன்ற விதி கட்டாயம் பொருந்தும் என 2016 இல் கிங்டம்வேர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

25,000 டாலருக்கு மேற்பட்ட வாய்ப்புகள் பொதுவாக சாம் தளத்தில் அறிவிக்கப்படுகின்றன. உதிரிபாகங்கள் செய்யும் சிறு பட்டறைகளுக்குப் பாதுகாப்புத் தளவாட முகமையின் இணைய ஏலப் பலகை முக்கியமானது. அங்கு ஒவ்வொரு பொருளும் 13 இலக்கத் தேசிய இருப்பு எண்ணால் அடையாளம் காணப்படுகிறது. அலுவலகப் பொருட்கள் போன்றவற்றுக்குப் பொதுச் சேவை நிர்வாகத்தின் பல்விருது அட்டவணை பயன்படுகிறது. அட்டவணையில் இடம்பெறுவது விற்பனைக்கு உறுதி தராது. விற்றுமுதலில் 0.75 விழுக்காட்டை நிறுவனம் கட்டணமாகச் செலுத்த வேண்டும். விற்பனை குறைந்தபட்ச அளவை எட்டாவிட்டால் ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்படலாம்.

அரசின் நிதியாண்டு அக்டோபர் 1 இல் தொடங்கிச் செப்டம்பர் 30 இல் முடிகிறது. செலவிடாத நிதி காலாவதியாகிவிடும் என்பதால் ஆண்டின் கடைசி மாதங்களில் கொள்முதல் பெருகுவது வழக்கம்.

பொருளின் பிறப்பிடம்

வழங்கல் ஒப்பந்தங்களில் சிறு நிறுவனங்கள் அதிகம் இடறும் இடம் இது. 1933 ஆம் ஆண்டின் அமெரிக்கப் பொருள் வாங்கும் சட்டம் உள்நாட்டுப் பொருளுக்கு முன்னுரிமை தருகிறது. ஒரு பொருள் உள்நாட்டில் உற்பத்தி செய்யப்பட்டதாக இருப்பதோடு, அதன் உறுப்புகளின் செலவில் குறிப்பிட்ட பங்கும் உள்நாட்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இப்பங்கு 2024 முதல் 65 விழுக்காடாக உள்ளது. 2029 முதல் 75 விழுக்காடாக உயரும். படையினருக்கான துணி, உடை, உணவு ஆகியவற்றுக்கு 1941 இல் தோன்றிய பெர்ரி திருத்தம் இன்னும் கடுமையானது. அது நூல், இழை வரை உள்நாட்டைச் சேர்ந்ததாக இருக்கக் கோருகிறது.

1979 ஆம் ஆண்டின் வணிக உடன்படிக்கைகள் சட்டம் பொருந்தும் கொள்முதல்களில் குறிக்கப்பட்ட நாடுகளின் பொருட்களுக்கு இடமுண்டு. பல்விருது அட்டவணைக்கும் இச்சட்டம் பொருந்துகிறது. உலக வணிக அமைப்பின் அரசுக் கொள்முதல் உடன்படிக்கையில் இந்தியா உறுப்பினராக இல்லை. குறிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலிலும் அது இடம்பெறவில்லை. எனவே திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ செய்த பொருளை இறக்குமதி செய்து இவ்வட்டவணை வழியாக விற்கும் அமெரிக்க நிறுவனம் ஒப்பந்த மீறலுக்கு உள்ளாகலாம்.

ஒதுக்கப்பட்ட ஒப்பந்தங்களுக்கு மேலும் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. உற்பத்தி செய்யும் நிறுவனம், மூலப்பொருள் செலவு நீங்கலாக, அரசு தரும் தொகையில் பாதிக்கு மேல் தன் பிரிவைச் சேராத துணை ஒப்பந்ததாரர்களுக்குக் கொடுக்கக் கூடாது. பிறர் செய்த பொருளை வாங்கி விற்கும் நிறுவனம், பொதுவாக, உள்நாட்டிலுள்ள வேறொரு சிறு நிறுவனம் செய்த பொருளையே வழங்க வேண்டும். இரண்டாவது விதிக்குச் சில விலக்குகள் உள்ளன. பெரிய நிறுவனங்கள் சிறு நிறுவனங்களை முகமூடியாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதே இவ்விரண்டின் நோக்கம்.

விலைப்புள்ளியும் தேர்வும்

தேர்வு இரண்டு விதமாக நடைபெறுகிறது. ஒன்றில் தொழில்நுட்பத் தகுதி பெற்றவர்களுள் குறைந்த விலை கேட்டவர் தேர்ந்தெடுக்கப்படுவார். மற்றொன்றில் தரம், முந்தைய செயல்பாடு, விலை ஆகியவை ஒப்பிடப்பட்டு அரசுக்குச் சிறந்த மதிப்புத் தரும் முன்மொழிவு தேர்ந்தெடுக்கப்படும். முந்தைய செயல்பாட்டுப் பதிவே இல்லாத புதிய நிறுவனத்தை அக்காரணத்துக்காக உயர்த்தியோ தாழ்த்தியோ மதிப்பிடக் கூடாது என்பது விதி. குறித்த நேரத்துக்குப் பின் வந்து சேரும் விலைப்புள்ளி, சில நிமிடத் தாமதமானாலும், பொதுவாக ஏற்கப்படுவதில்லை.

குறைந்த விலை கேட்ட ஒரு சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தை நிறைவேற்றும் ஆற்றல் இல்லை என அலுவலர் கருதினால், அவரே இறுதியாக நிராகரிக்க முடியாது. அவ்விவகாரம் சிறு வணிக நிர்வாகத்துக்கு அனுப்பப்படும். அது ஆய்வு செய்து திறன் சான்றிதழ் அளித்தால் ஒப்பந்தம் அந்நிறுவனத்துக்கே கிடைக்கும்.

பேச்சுவார்த்தை முறையில் தோற்ற நிறுவனம், முடிவு அறிவிக்கப்பட்ட 3 நாட்களுக்குள் எழுத்து மூலம் கேட்டால், தேர்வு விளக்கம் பெற உரிமை உண்டு. தன் முன்மொழிவில் எங்கு குறை காணப்பட்டது என்பதை நிறுவனம் இதன் மூலம் அறியலாம். தேர்வு விதிக்கு முரணானது என்று கருதினால், பொதுவாக 10 நாட்களுக்குள் அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு அளிக்கலாம். அவ்வலுவலகம் 100 நாட்களுக்குள் முடிவு கூற வேண்டும். வெற்றி பெற்ற நிறுவனம் உண்மையில் சிறு நிறுவனம் அன்று என்ற எதிர்ப்பை 5 வேலைநாட்களுக்குள் ஒப்பந்த அலுவலரிடம் அளிக்க வேண்டும்.

நிலைவிலையின் இடர்

பொருள் வழங்கல் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை மாறா நிலைவிலை கொண்டவை. ஒப்பந்தத்துக்குப் பின் எஃகின் விலை உயர்ந்தாலும், கணிப்பில் பிழை இருந்தாலும் அந்த இழப்பு நிறுவனத்துடையது. விலை மாற்றத்துக்கு இடம் தரும் விதி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே விதிவிலக்கு உண்டு.

எடுத்துக்காட்டாக, ஒரு பட்டறை 500 வால்வுகளை ஒன்று 80 டாலர் வீதம் 40,000 டாலருக்கு வழங்க ஒப்புக்கொள்கிறது எனக் கொள்ளலாம். மூலப்பொருளுக்கு 18,000, கூலிக்கு 12,000, பொதிக்கு 2,500, போக்குவரத்துக்கு 1,500 என மொத்தச் செலவு 34,000 டாலர். எதிர்பார்க்கும் இலாபம் 6,000 டாலர். மூலப்பொருள் விலை 20 விழுக்காடு உயர்ந்தால் இலாபம் 2,400 டாலராகக் குறைகிறது. பொதியில் ஒட்டிய குறியீட்டு வில்லை தவறு எனச் சரக்கு திருப்பப்பட்டு, மீண்டும் பொதிவதற்கு மேலும் 2,500 டாலர் செலவானால் 100 டாலர் நட்டம் ஏற்படுகிறது. வால்வில் எந்தக் குறையும் இல்லாதபோதே இந்நிலை வருகிறது.

படைத்துறைக்கான சரக்குகளுக்குப் பொதியும் குறியிடுதலும் தனித் தரநிலைகளின்படி அமைய வேண்டும். கடல் ஈரம், நீண்டகாலக் கிடங்கிருப்பு ஆகியவற்றைத் தாங்கும் உறை, பட்டைக்குறி, எடை, எண் ஆகியவை கணிக்கப்பட்ட இடத்தில் இருக்க வேண்டும். வணிகச் சந்தைக்கு அட்டைப்பெட்டியில் அனுப்பிப் பழகிய நிறுவனங்கள் இச்செலவைக் குறைத்து மதிப்பிடுவதுண்டு.

முதல் மாதிரிச் சோதனை கோரும் ஒப்பந்தங்களில் மற்றோர் இடரும் உண்டு. மாதிரி ஏற்கப்படுவதற்கு முன் மொத்த உற்பத்திக்கான மூலப்பொருளை வாங்கினால், மாதிரி நிராகரிக்கப்படும்போது அச்செலவை அரசு ஏற்காது.

அளவு உறுதி செய்யப்படாத ஒப்பந்தங்களில் அரசு குறிப்பிடும் மதிப்பீட்டு எண்ணிக்கை வாக்குறுதி ஆகாது. குறைந்தபட்ச அளவு என எழுதப்பட்டதை மட்டும் வாங்கினால் அரசின் கடமை முடிந்துவிடுகிறது. மதிப்பீட்டை நம்பி இயந்திரம் வாங்கிய நிறுவனம் கடனில் சிக்கக்கூடும்.

ஒப்பந்த அலுவலரின் அதிகாரம்

அரசைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் எழுத்துமூல ஆணை பெற்ற ஒப்பந்த அலுவலருக்கு மட்டுமே உண்டு. ஆய்வாளரோ, பொருளைப் பயன்படுத்தும் படைப்பிரிவின் அதிகாரியோ வாய்மொழியாகக் கேட்ட மாற்றத்தைச் செய்த நிறுவனம் அதற்கான தொகையை இழக்க நேரிடலாம். அரசு ஊழியருக்கு உண்மையில் அதிகாரம் இருந்ததா என்பதை அறிவது அவருடன் உடன்பாடு செய்பவரின் பொறுப்பு என 1947 இல் மெரில் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே மாற்றக் கோரிக்கை எதுவாயினும் அதை எழுத்தில் பெற்று, ஒப்பந்த அலுவலரின் ஒப்புதலுக்குப் பின் செயல்படுத்துவது நடைமுறை.

ஒப்பந்தத்தில் அச்சிடப்படாத விதியும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தலாம். கட்டாயமாகச் சேர்க்க வேண்டிய முக்கிய விதி ஒன்று தவறுதலாக விடுபட்டிருந்தாலும், அது ஒப்பந்தத்தில் உள்ளதாகவே கொள்ளப்படும் என 1963 இல் கிறித்தியன் வழக்கில் தீர்ப்பளிக்கப்பட்டது.

பணம் பெறுதல்

பொருள் ஏற்கப்பட்டு முறையான விலைப்பட்டியல் கிடைத்த பின், பொதுவாக 30 நாட்களுக்குள் அரசு பணம் செலுத்த வேண்டும். தாமதமானால் நிறுவனம் கேட்காமலே வட்டி சேர்த்துத் தர வேண்டும் என 1982 ஆம் ஆண்டின் உடனடிப் பணம் செலுத்தல் சட்டம் கூறுகிறது. சிறு நிறுவனங்களுக்கு 15 நாட்களுக்குள் செலுத்த முயல்வது அரசின் கொள்கை. பாதுகாப்புத் துறையில் விலைப்பட்டியலும் பெறுகைச் சான்றும் மின்னணு முறையிலேயே அளிக்கப்படுகின்றன. ஒப்பந்த எண்ணிலோ, உருப்படி எண்ணிலோ பிழை இருந்தால் விலைப்பட்டியல் முறையற்றது எனத் திருப்பப்படும். 30 நாள் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

மேற்கண்ட பட்டறைக்கு 120 நாள் வழங்கல் காலம் இருந்தால், முதல் டாலர் கைக்கு வருமுன் 34,000 டாலரை அது தன் கையிலிருந்து செலவிட வேண்டியிருக்கும். இதற்காக 1940 ஆம் ஆண்டின் உரிமைக் கோரிக்கை மாற்றுச் சட்டத்தின்படி, அரசிடமிருந்து வரவேண்டிய தொகையை வங்கிக்கு எழுதிக் கொடுத்துக் கடன் பெறலாம். அதற்கு முறையான அறிவிப்பு அவசியம்.

ஒப்பந்த முறிவு

தனியார் ஒப்பந்தங்களில் இயல்பாக அமையாத ஓர் அதிகாரம் அரசுக்கு உண்டு. நிறுவனத்தின் பக்கம் தவறே இல்லாதபோதும், அரசின் நலன் கருதி ஒப்பந்தத்தை இடையில் முடித்துக்கொள்ளலாம். இது வசதிக்கான முறிவு எனப்படும். அதுவரை செய்த வேலைக்கும் அதற்குரிய இலாபத்துக்கும், முடித்துக்கொள்வதற்கான செலவுக்கும் தொகை கிடைக்கும். எஞ்சிய பகுதியில் வரவேண்டியிருந்த இலாபம் கிடைக்காது.

தவறுக்கான முறிவு கடுமையானது. குறித்த நாளில் பொருள் வரவில்லையெனில், திருத்திக்கொள்ள அவகாசம் தராமலே அரசு ஒப்பந்தத்தை முறிக்கலாம். அதே பொருளை வேறொருவரிடம் கூடுதல் விலைக்கு வாங்கினால் அந்த வேறுபாட்டை முதல் நிறுவனத்திடம் வசூலிக்கலாம். இம்முறிவு அரசின் தகவல் தளத்தில் பதிவாகி, அடுத்த ஒப்பந்தங்களுக்கும் தடையாகும். தீ, வெள்ளம், தொற்றுநோய், வேலைநிறுத்தம், வழக்கத்துக்கு மாறான கடும் வானிலை போன்ற, நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய காரணங்களால் ஏற்படும் தாமதம் மன்னிக்கத்தக்கது. மூலப்பொருள் விலை உயர்வோ பணமுடையோ அவ்வாறு கொள்ளப்படுவதில்லை. தாமதம் வரும் எனத் தெரிந்தவுடன், நாள் கடப்பதற்கு முன்பே, ஒப்பந்த அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்துக் கால நீட்டிப்புக் கேட்பது நிறுவனத்தைக் காக்கும் முதல் வழியாகும். நீட்டிப்புக்கு ஈடாக அலுவலர் விலைக்குறைப்புக் கேட்கக்கூடும்.

பிணக்குகள்

1978 ஆம் ஆண்டின் ஒப்பந்தப் பிணக்குகள் சட்டத்தின்படி, நிறுவனம் தன் கோரிக்கையை முதலில் ஒப்பந்த அலுவலரிடம் எழுத்து மூலம் அளிக்க வேண்டும். 100,000 டாலருக்கு மேற்பட்ட கோரிக்கையாயின் அது நேர்மையானது என்ற உறுதிச்சான்றும் தேவை. அலுவலரின் இறுதி முடிவை எதிர்த்து 90 நாட்களுக்குள் ஒப்பந்த மேல்முறையீட்டு வாரியத்துக்கோ, 12 மாதங்களுக்குள் கூட்டாட்சிக் கோரிக்கைகள் நீதிமன்றத்துக்கோ செல்லலாம். பிணக்கு நடைபெறும் காலத்திலும் பொதுவாக வேலையை நிறுத்தக் கூடாது.

பொய்யான விலைப்பட்டியல், பொய்யான பிறப்பிடச் சான்று, சிறு நிறுவனம் எனப் பொய்யாகக் கூறுதல் ஆகியவை பொய்க் கோரிக்கைகள் சட்டத்தின் கீழ் வரலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது படைக்குத் தரமற்ற சரக்குகளை விற்றவர்களைத் தண்டிக்க 1863 இல் இயற்றப்பட்ட இச்சட்டம், அரசுக்கு ஏற்பட்ட இழப்பின் மும்மடங்கு வரை வசூலிக்க இடம் தருகிறது. நிறுவனத்தின் ஊழியரே அரசின் சார்பில் வழக்குத் தொடுத்து, வசூலாகும் தொகையில் பங்கு பெறவும் முடியும். இறுதிப் பணம் பெற்ற பின் 3 ஆண்டுகள் வரை ஒப்பந்த ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி.

இணையப் பாதுகாப்பு

படைத்துறை வரைபடங்கள் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட தகவல்களைக் கையாளும் நிறுவனங்கள், தேசியத் தரநிலை நிறுவனம் வகுத்த 110 பாதுகாப்புத் தேவைகளை நிறைவு செய்ய வேண்டும். இதற்கான சான்றளிப்புத் திட்டம் 2025 நவம்பர் 10 முதல் பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்களில் படிப்படியாகச் சேர்க்கப்படுகிறது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இதன் செலவு பெரும் சுமையாக அமையலாம். துணை ஒப்பந்ததாரருக்கும் இது பொருந்துவதால், பெரிய நிறுவனங்களுக்கு உதிரிபாகம் தருபவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது.

உதவி அமைப்புகள்

சிறு நிறுவனங்களுக்கு வழிகாட்ட 1985 இல் நாடாளுமன்றம் ஏற்பளித்த கொள்முதல் தொழில்நுட்ப உதவி மையங்கள், இன்று ஏபெக்ஸ் முடுக்கிகள் என்ற பெயரில் நாடெங்கும் இயங்குகின்றன. பாதுகாப்புத் துறையின் நிதியுதவியுடன் இவை பதிவு, வாய்ப்புத் தேடல், விலைப்புள்ளி ஆய்வு ஆகியவற்றில் பெரும்பாலும் கட்டணமின்றி உதவுகின்றன. பெரிய துறைகள் ஒவ்வொன்றிலும் சிறு நிறுவனங்களுக்கான தனி அலுவலகமும் உள்ளது. முதன்மை ஒப்பந்தத்தில் நேரடியாக இறங்குவதற்கு முன், பெரிய ஒப்பந்ததாரர் ஒருவரின் கீழ்த் துணை ஒப்பந்தம் பெற்றோ, சிறிய எளிய கொள்முதல்களை நிறைவேற்றியோ செயல்பாட்டுப் பதிவை உருவாக்கிக்கொள்வது புதிய நிறுவனங்கள் பின்பற்றும் வழக்கமான பாதையாகும்.